இந்தியாவில் தங்கப்போகும் முகவரி

காலை ஒன்பதரை மணிக்குப் பூங்காவனம் அம்மாள் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறார். குலசேகரம் சந்தை ரோட்டில் மற்றவர்களுக்கு அது தோசை நேரம். என் கம்ப்யூட்டர் கடை வாசலில் கிடக்கும் பழைய ஸ்டூலில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து, சோற்றோடு மரச்சீனிக்கிழங்கையும் மீன்குழம்பையும் சேர்த்துப் பிசைந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டு முடிப்பார். வாளியைக் கழுவிய தண்ணீரைக் கடை முன்னால் நிற்கும் செம்பருத்திக்கு ஊற்றுவார். பிறகுதான் பேச்சு.

"நான் எந்திரிக்கது மூணு மணிக்கு தம்பி. எனக்க வயித்துக்கு இதுதான் உச்சி" என்பார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தொன்பது வருஷம் மலையடிவாரத்தில் ஒரு அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. இப்போதும் பேச்சிப்பாறை போகிற வழியில் தனியார் ரப்பர் விளை ஒன்றில் இருநூறு மரத்தில் பால் வெட்டுகிறார். மரத்தைச் சுற்றிக் குனிந்து குனிந்து வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்துபோயிருக்கிறது. முழங்கையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பாலைப் பேசிக்கொண்டே உரித்து, மிளகு அளவுக்கு உருட்டி, என் மேசை விளிம்பில் வரிசையாக வைப்பார். போகும்போது எல்லாவற்றையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வார். ஒட்டுப்பாலுக்கும் கிலோவுக்கு ஒரு விலை இருக்கிறதே.

அவருடைய பேச்சை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்களைப் போல "எனக்க", "அவளுக்க" என்பார். அடுத்த வாக்கியத்தில் தோட்டத்து வரிசை வீடுகளை "லயம்" என்பார். காலையில் வேலைக்கு ஆள் எண்ணுவதைப் "பெரட்டு" என்பார். அவை இலங்கை மலைத்தோட்டத்துச் சொற்கள். பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு ஆட்களைப் பங்கு வைத்துக்கொண்ட காலத்தில், பதின்மூன்றாவது வயதில், அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, லாரியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். ஐந்து வயது மூத்த அக்கா பவளக்கொடி வரவில்லை. அக்காவுக்கு அப்போது கல்யாணம் முடிந்திருந்தது. புருஷன் வீட்டார் அந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பூங்காவனம் அம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் பத்து வருஷத்துக்கு முன் சிறுநீரகம் கெட்டு இறந்தார். மிச்சமிருந்தது தோட்டம் கொடுத்த வீடு. ஓட்டுக்கூரை, இரண்டு அறை, பின்னால் ஒரு பலாமரம். ஓய்வு பெற்ற சில மாதங்களில், வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்ததுதான் எங்கள் பழக்கத்தின் தொடக்கம். முழுவதும் வாசித்துச் சொன்னேன்.

"ஒப்படைக்கதுன்னா சாவியைக் குடுத்தாப் போதுமா தம்பி? இல்ல பூட்டையும் குடுக்கணுமா? பூட்டு நான் வாங்கினதுல்லா."

பூட்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வந்தார். குலசேகரத்துக்கு வெளியே நேசபாய் என்ற விதவையின் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. முன்பு ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்திய அறை. சுவரெல்லாம் கருத்துப் பளபளக்கும், ஜன்னல் கிடையாது, மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய புகையின் வாடை கிளம்பும். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். "ஒருத்திக்குண்டு நெனச்சுத்தான் தாறேன் கேட்டியா" என்று சொல்லித்தான் நேசபாய் கொடுத்தார். வாடகை போகப் பென்ஷனில் மிச்சமாவது அரிசிக்குக் காணாது. அதனால்தான் அந்த இருநூறு மரம்.

அந்த வருஷம் என் கடைக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். எழுபதை ஒட்டிய வயது. திற்பரப்பில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஏதோ காகிதம் அச்செடுக்க வந்த இடத்தில் பேசிக்கொண்டிருந்தோம். தங்கள் பென்ஷன் சொந்த ஊரில் வாடகைக்கே பற்றாது, இங்கே வந்தால் மீனும் பழமும் வாங்கித் தின்று நிம்மதியாக இருக்க முடிகிறது என்றார்கள். ஸ்டூலில் இருந்த பூங்காவனம் அம்மாள், "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார். சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து வந்து, சாப்பிடாமலேயே கேட்டார்: "அவங்க இஞ்ச வந்து இருக்காவ. நான் அங்க போய் இருந்தா என்ன தம்பி? நம்ம ரூவாய்க்கு அங்க மூணு மடங்கு உண்டுன்னு அக்கா சொல்லுதா. லயத்துக்கு வாடகையும் கிடையாது. எனக்க பென்ஷனை வச்சு ரெண்டுபேரும் கஞ்சி குடிச்சிட்டுக் கெடப்போம்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் என்மேல் கோபம் வருகிறது.

வயதான வெளிநாட்டுக்காரர்கள் இலங்கையில் தங்கி ஓய்வுக்காலத்தைக் கழிக்கத் தனி விசா ஒன்று இருந்தது. தேடிப் பார்த்தேன். அதற்கு முதலில் வங்கியில் போட்டு வைக்கவேண்டிய டாலரை இந்தத் தெருவில் யாராலும் போட முடியாது. அதைச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. "அது வெள்ளைக்காரனுக்குள்ளது தம்பி, நமக்குள்ளதைப் பாருங்க" என்றார். நமக்கானது முப்பது நாள் சுற்றுலா விசா. அங்கே போனபிறகு நீட்டிக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

பாஸ்போர்ட் எடுக்கவே ஏழு மாதம் ஆனது. பிறந்த இடம் இலங்கை என்று எழுதியதும் ஒவ்வொரு மேசையிலும் காகிதம் நின்றது. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "நீங்க எந்த அகதி முகாம்?" என்று கேட்டார். "நான் அகதி இல்ல சார். கவருமெண்டு கூட்டிட்டு வந்த ஆளு" என்றார் பூங்காவனம் அம்மாள். கையெழுத்துப் போடும்போது பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, மரத்தில் கத்தி வைப்பதுபோல அழுத்தி எழுதுவார். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் அவசரப்படமாட்டார். மலைக்கு வந்த புதிதில் இராப்பள்ளியில் படித்துக்கொண்ட எழுத்து.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று பிப்ரவரியில் திருவனந்தபுரத்திலிருந்து விமானம். நானும் கூடப் போய் ஏற்றிவிட்டேன். ஏத்தங்காய் சிப்ஸ், ஒரு பலாப்பழம், அக்காவுக்கு இரண்டு சேலை. பலாப்பழத்தை உள்ளே விடவில்லை; அதை என் கையில் தந்துவிட்டுப் போனார். "கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள எறக்கிட்டான் தம்பி. ஒரு மணிக்கூர் ஆவல்ல. இதுக்கா நாப்பத்தேழு வருசம்" என்று திரும்பி வந்தபிறகு சொன்னார்.

ஆம், திரும்பி வந்துவிட்டார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. என்ன நடந்தது என்று முதலில் சொல்லவில்லை. விசாவை நீட்டிக்கக் கொழும்புக்குப் போய்வந்த செலவையும், குளிரில் மூட்டு வீங்கியதையும் சொன்னார். உண்மையை ஒரு மழைநாளில், கடையில் வேறு யாரும் இல்லாதபோது சொன்னார்.

அக்காவும் தங்கையும் நாற்பத்தேழு வருஷமும் முதலில் கடிதத்தில், பிறகு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். குறை எதையும் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத் தனி அறை இருக்கிறது, மகள் உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறாள் என்று பவளக்கொடி சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் அந்த லயத்து வீட்டில் இருந்தது மொத்தமே ஒரு அறையும் ஒரு குசினியும்தான். அறையில் மகள், மருமகன், மூன்று பேரப்பிள்ளைகள். அறுபத்தைந்து வயது அக்கா குசினியில் அடுப்புக்கும் விறகுக்கும் நடுவே படுத்திருந்தார். தங்கை வந்ததும் விறகை வெளியே அடுக்கிவிட்டு இருவரும் ஒருக்களித்துப் படுத்தார்கள்.

"எனக்கு அது ஒரு பொருட்டே இல்ல தம்பி" என்றார் பூங்காவனம் அம்மாள். "அக்காக்க முதுகுல முதுகை ஒட்டிட்டுப் படுத்தா குளிரு தெரியல்ல. இஞ்சயே கெடந்துருவோம்னுதான் இருந்தேன். வீட்டைப் புடுங்கிட்டாவ, எனக்கு இனி போக்கிடம் இல்லன்னு அவகிட்ட மெதுவாச் சொல்லணும். நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு வாய் வரல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்துபோய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே புதுப் பாஸ்போர்ட். மூத்த பேரனின் முதல் மாதச் சம்பளத்தில் எடுத்தது.

"பாத்தியா புள்ள. ஒனக்குத் தெரியாம எடுத்து வச்சிருக்கேன்" என்றாராம் பவளக்கொடி. "ஒனக்குத்தான் இந்தியா கவருமெண்டு வீடு குடுத்திருக்கே. ரெண்டு ரூம்ல நீ ஒருத்தி என்னா செய்யப்போற? நான் அங்க வந்துர்றேன். இங்க எனக்குக் காலு நீட்ட எடமில்ல. நீ வந்தன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன், கூச்சமாப் போச்சு."

நான் பூங்காவனம் அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முழங்கையிலிருந்த ரப்பரை உரிக்காமல் விட்டிருந்தார்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? வீடு பழசாக் கெடக்கு, நான் முன்னால போய் வெள்ளையடிச்சு வைக்கேன், பொறவு நீ வான்னு சொன்னேன். அந்த வாரமே டிக்கெட்டு எடுக்கச் சொல்லி உங்களுக்குப் போன் போட்டேன்லா."

எடுத்துக் கொடுத்தவன் நான்தான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அதன்பிறகு இரண்டு வருஷம் என் கடையில் உட்கார்ந்துதான் அக்காவோடு பேசினார். புகை அறைக்குள் சிக்னல் கிடையாது. இங்கே என் வைஃபை. வீட்டுக்கு வெள்ளையடித்து முடியவில்லை என்று மூன்று மாதம் சொன்னார். ஓடு மாற்றவேண்டும் என்றார். மழைக்காலம் முடியட்டும் என்றார். யானை இறங்கி வந்து பலாமரத்தைச் சாய்த்துவிட்டது, வேலிகட்டிய பிறகு வா என்றார். பலாமரத்தைச் சாய்த்தது யானை இல்லை; அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த குடும்பம் வெட்டியிருந்தது. ஒவ்வொரு பொய்யையும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பக்கத்துக் குரலும் வர வரத் தேய்ந்துகொண்டு வந்தது. பேத்திக்குப் பரீட்சை என்று குசினியில் மேசை போட்டுவிட்டார்கள். பவளக்கொடி இப்போது மேசைக்கு அடியில் படுக்கிறார். லயத்தில் எல்லோரும் "பாட்டி, எப்ப இந்தியா போறீங்க?" என்று கேட்கிறார்களாம். மகளும் கேட்கிறாளாம்.

இந்த வருஷம் ஜூனில் பேரனே செய்தி அனுப்பினான். சின்னப் பாட்டி, உங்களுக்கு வேலை அதிகம், விசா எடுக்க அலையவேண்டாம், நீங்கள் சொல்வீர்களே கம்ப்யூட்டர் கடை மாமா, அவரே கம்ப்யூட்டரில் எடுத்துத் தந்துவிடலாமே என்று எழுதி, பாட்டியின் பாஸ்போர்ட்டையும் போட்டோவையும் அனுப்பியிருந்தான். வீடியோவில் அவனும் பவளக்கொடியும் பார்த்துக்கொண்டிருக்க நான் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் எல்லாம் ஓடிற்று. இந்தியாவில் தங்கப்போகும் முகவரி என்ற கட்டம் வந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"லயன் பதினேழு" என்றார் பூங்காவனம் அம்மாள், அக்காவுக்குக் கேட்கும்படி. ஒப்படைத்துவிட்டு வந்த தோட்டத்து வீட்டின் எண் அது.

கரண்ட் போய்விட்டது என்று சொல்லி வீடியோவை நிறுத்தினேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

"அக்கா, அந்த வீட்ல வேற ஆளு இருக்கு. ஒருநாள் அவங்க வந்து எறங்கினா எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டு நேசபாய் வீட்டுக்குப் போனார். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். நேசபாய் முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. வாடகை இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் வாய் திறக்காதவர். அக்காவையும் அந்த அறையில் வைத்துக்கொள்ளலாமா என்று பூங்காவனம் அம்மாள் கேட்டார்.

"ஏட்டி பூங்கா, நீயே சொல்லு. அதுக்குள்ள ரெண்டாளு எங்கயாக்கும் கெடப்பிய?" என்றார் அவர். "நான் முடியாதுண்ணு சொல்லல்ல. எனக்க மவன் தீபாவளி கழிஞ்சா அதை இடிச்சு காருக்கு ஷெட்டு கெட்டணும்ணு நிக்கான். உன்கிட்ட எப்பிடிச் சொல்லுகதுண்ணு ஒரு மாசமாப் பாத்துட்டு இருக்கேன்."

பூங்காவனம் அம்மாள் குனிந்து, பாயிலிருந்து உருண்டு வெளியே போன மிளகைப் பொறுக்கிப் பாயில் போட்டார். "பரவால்ல மைனி" என்றார்.

கடைக்குத் திரும்பி வந்தோம். பேரன் நாலு தடவை கூப்பிட்டிருந்தான். "என்ன செய்யக்கா?" என்று கேட்டேன்.

"அனுப்பிவிடுங்க தம்பி. அறுபத்தேழு வயசுத் தோட்டத்துக் கெழவிக்கு எங்க குடுக்கப்போறான்? எனக்கு ஏழு மாசம் இழுத்தான்லா" என்றார். நிராகரிப்பார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. முகவரிக் கட்டத்தில் என் கடையின் முகவரியைப் போட்டேன். மின்னஞ்சலும் கடையுடையதுதான்.

நாலாம் நாள் விசா வந்துவிட்டது.

மறுநாள் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். கேட்டதும் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார். செம்பருத்திக்கு ஊற்றவேண்டிய தண்ணீர் வாளியிலேயே இருந்தது.

"இல்லன்னு எழுதிருங்க" என்றார்.

"அக்கா..."

"கவருமெண்டு தரல்லன்னு எழுதிருங்க தம்பி. கவருமெண்டு வேண்டாம்னு சொன்னா அவ நாலுநாள் அழுவா, பொறவு விட்டிருவா. தங்கச்சிக்கு வீடு இல்ல, ரெண்டு வருசமா என்னை ஏமாத்தினான்னு தெரிஞ்சா அவளுக்கு இனி யாரு இருக்கா?"

உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அவரும் உங்களைப் போல இடமில்லாமல்தானே படுத்திருக்கிறார், புரிந்துகொள்வார் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தாழ்ந்த தோளை இன்னும் தாழ்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். "அவ அந்த வீட்டை நெனச்சுக்கிட்டுத்தான் மேசைக்கடியில கெடக்கா" என்று மட்டும் சொன்னார்.

பாட்டிக்கு விசா கிடைக்கவில்லை, காரணம் சொல்லவில்லை என்று பேரனுக்குத் தட்டச்சு செய்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அரைமணி நேரத்தில் பவளக்கொடியின் குரல்செய்தி வந்தது. ஒலியைக் கூட்டிவைத்தேன். பின்னால் ஏதோ பாத்திரம் விழும் சத்தம். யாரோ பிள்ளையை அதட்டும் சத்தம். அதற்கு நடுவே மெலிந்த குரல்.

"சரி புள்ள. ஒம்மேல குத்தமில்ல. அவுங்க அப்புடித்தான். நீ மனச விட்ராத. வீட்ட நல்லாப் பாத்துக்க."

பூங்காவனம் அம்மாள் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

பிறகு, வந்த விசாவைத் தாளில் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தின் மேல் மூலையில் பவளக்கொடியின் சின்னப் படம் இருந்தது, கண்ணாடி இல்லாமல், வெளிச்சத்துக்குக் கண் கூசியபடி. பூங்காவனம் அம்மாள் தாளை மேசைமேல் வைத்து, படத்தின் ஓரமாக மடித்து, மடிப்பின்மேல் கட்டைவிரல் நகத்தால் இரண்டு தடவை அழுத்தி இழுத்தார். பிசிறில்லாமல் கிழித்தார். படத்தைச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டு மீதித் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இது உங்க தாளு தம்பி. பின்பக்கம் ஒண்ணும் எழுதல்ல. எதுக்காவது ஆவும்."